செருப்பு எந்தப் பக்கம் பாக்குது

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காத்து. விடிஞ்சதில இருந்து மணல். கீபோட்டுக்குள்ளயும் மணல், அமத்தினா நறநற எண்டுது. கொடியில போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில காஞ்சு விறைச்சுப் போச்சு.

இண்டைக்குச் செய்ய:
அபாயா ரெண்டு, கை மடிப்பு (ஆமினா மாமிக்கு. நாளைக்கு நாளைக்கு எண்டு நாலு நாள்).
உம்மாட பிரஷர் குளிசை.
கேஸ் சிலிண்டர்.
கடையில புது வாளி.

கடை எண்டு எழுதிறன். இந்தக் கொப்பிய ஆராவது எடுத்துப் பாத்தா எந்த றோட்டில எண்டு தேடுவாங்க. றோட்டில இல்ல. கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற உலகம் ஒண்டில. அங்க ஆக்கள் பொம்மை உடம்பில நடந்து திரியிறாங்க, காணி வாங்கிறாங்க, வீடு கட்டுறாங்க. வீடு கட்டினா வாளி வேணும்தானே. அத விக்கிறது நாங்க. நானும் தங்கச்சி நஸ்மியாவும். அவள் குவைத்தில ஒரு வீட்டு வேலைக்குப் போய் ஒண்டரை வருஷம். சாமான் செய்யிறது அவள், இருந்து கதைக்கிறது நான். விடியச் சுபஹு தொழுதிட்டு அரை மணித்தியாலம் வருவாள். வெள்ளி பின்னேரம் ரெண்டு மணித்தியாலம். மிச்ச நேரம் நான், தையலுக்கும் சோத்துக்கும் நடுவில.

நல்லா விக்கிறது ஒடஞ்ச வாளி. எங்கட கிணத்தடி வாளிதான், விளிம்பில வெடிப்போட அப்படியே செய்திருக்கிறாள். அடுத்தது கிடுகு வேலி. அடுத்தது கால் ஒண்டு கம்பியால கட்டின பிளாஸ்ரிக் கதிரை. ஆக்கள் மாளிகை கட்டிட்டு அதுக்குப் பக்கத்தில எங்கட கதிரையப் போட்டுக் குந்தியிருக்கிறாங்க. இவரிட்ட சொன்னன். "வளவுக்குள்ள இன்னும் எவ்வளவு ஒடஞ்சது கிடக்கு, என்னையும் வில்லுங்க" எண்டார். மனிசன் பகிடி விடுறதில மட்டும் களைக்கிறல்ல.

ஜூலை 2, புதன்

காத்து அப்படியே. அபாயா ஒண்டு முடிஞ்சுது.

காலையில உள்ள போனன். கடைக் கடப்படியில செருப்பு வெளிய பாத்திருந்துது. அப்ப நஸ்மியா ஒழுங்கா முடிச்சிட்டுப் போயிருக்கிறாள். நிம்மதி.

கணக்கு ஒண்டுதான். உடம்பும் ஒண்டுதான், ரெண்டு பேருக்கும். பேர் பூவும்மா. பச்சைச் சட்டை, வெள்ளைத் துப்பட்டி, நல்ல வட்ட முகம். நான் உள்ள போனா அவள் வெளிய விழுவாள். அவள் வந்தா நான் விழுவன். அதுக்குத்தான் செருப்பு ஒரு சோடி செய்து வாசல்ல வச்சாள். உள்ள இருந்தா செருப்பு வீட்டப் பாத்திருக்கும். போகக்குள்ள றோட்டப் பாக்கத் திருப்பி வைக்கணும். நான் போய் நிக்கக்குள்ள செருப்பு வீட்டப் பாத்திருந்தா, ஐயோ, வேலையில இருந்தவளத் தள்ளி விழுத்திட்டன் எண்டு அர்த்தம். உடன வெளிய வந்திருவன். அவள் ஒரு நாளும் திருப்ப மறந்ததில்ல. மேடம் கூப்பிட்டுக் கத்தினாலும் திருப்பிட்டுத்தான் போவாள். நான்தான் மறக்கிறது.

ஒரே கடையில ஒண்டரை வருஷம். ஒரு நாளும் ஒருத்தரையொருத்தர் அங்க கண்டதில்ல.

பின்னேரம் படுத்தன். கனவில வாவி வந்துது. எங்கட ஆத்தங்கரையா, கடைக்குப் பின்னால அவள் செய்த வாவியா தெரியல்ல. அவள் செய்ததில எப்பவும் மஃரிபுக்கு முந்தின நேரம்தான், பொழுது படுற வெளிச்சம், தண்ணி தேயிலை நிறத்தில. கனவில நான் தண்ணிக்கு மேல நடக்கிறன், பாதம் நனையுது, ஆனா தாழயில்ல. எழும்பக்குள்ள காலில மணல்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆவுக்கு எல்லாரும் போன பிறகு தெரு அப்படியே அடங்கிப் போச்சு. உம்மா பழஞ்சோத்துக்கு மாசிச் சம்பல் கேட்டா. பிரஷர்காரிக்கு உப்பு வேணுமாம்.

அந்த உலகத்தில பெரிய சந்தை ஒண்டு திறக்கிறாங்க. நல்ல கடைகளுக்கு முன் வரிசையில இடமாம். விண்ணப்பப் போமில ஒரு கேள்வி: உங்கட கடைய எப்படிக் கவனிக்கிறீங்க?

சும்மாவா விடுவன். மெய்யைத்தான் எழுதினன். "எங்கட கடையில ஆள் இல்லாத நேரம் குறைவு. விடியக்காலம் தங்கச்சி குவைத்தில இருந்து இருப்பா. பகலைக்கும் பின்னேரமும் நான் காத்தான்குடியில இருந்து இருப்பன். ஒரு கணக்க ரெண்டு பேரும் ஒத்துமையாப் பாவிக்கிறம், ஒரு நாளும் சண்டை வந்ததில்ல." மெசின் அத இங்கிலீசாக்கித் தந்துது. வாசிச்சுப் பாத்தன். எனக்கே பெருமையாக் கிடந்துது.

இஞ்ச எந்தக் கடையும் அப்படித்தானே. தொழப் பள்ளிக்குப் போகக்குள்ள பக்கத்துக் கடைக்காரர் பாத்துக்கொள்ளுவார். மச்சான் போனா மச்சினன் இருப்பான். சாவி எப்பவும் ஆணியில தொங்கும். ஆள் இல்லாத கடைதான் கூடாத கடை.

அனுப்பிட்டு வெளிய வந்து நஸ்மியாவுக்கு இடம் விட்டன். அவள் வொய்ஸ் போட்டாள்: "ராத்தா, கோழிக்கூடு ஒண்டு செய்யிறன். கதவு மட்டும் சரிவருதில்ல." பின்னால ஆரோ அரபியில கத்தின சத்தம், பாத்திரம் விழுந்த சத்தம். வீடியோவில வா புள்ள, உம்மா முகம் பாக்கக் கேக்கிறா எண்டன். கமரா பழுதாம். மார்ச்சில இருந்து அந்தக் கமரா பழுது.

ஜூலை 5, சனி

வாளி விக்கப்போன இடத்தில வாயால கெட்டன்.

அந்த உலகத்துக்காரர்ட விசளம் வந்துட்டு, போமுக்கு மறுமொழி. சந்தையில இடம் தரயில்ல, அது போகட்டும். "ஒரு கணக்கு ஒரு ஆளுக்கு மட்டுமே. குடும்பத்தவராயினும் பகிர்ந்து கொள்ளல் ஆகாது. ஏழு நாட்களுக்குள் உரியவர் முகத்தைக் காட்டி உறுதிப்படுத்தாவிடின் கணக்கும் அதிலுள்ள யாவும் நீக்கப்படும்." மெசின் தமிழ். நீக்கப்படும் எண்டா என்ன. வாளி, வேலி, வாவி, செருப்பு, பூவும்மாட முகம் எல்லாம்.

நானே என்ட வாயால சொல்லிக் குடுத்திட்டன். ஒருத்தரும் கேக்கல்ல. ஒருத்தரும் பிடிக்கல்ல. நானே போய் "இஞ்ச பாருங்க எங்கட ஒத்துமைய" எண்டு.

கிணத்தடியில போய்க் குந்தியிருந்தன். எங்கட வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில நஸ்மியாட வீடு. வீடு எண்டு சொல்லுறம், தூண் எட்டு, கம்பி நீட்டிக்கொண்டு. எனக்குக் கலியாணம் முடிக்கக்குள்ள இந்த வீட்ட என்ட பேருக்கு எழுதித் தந்தாங்க. அவளுக்கு அடுத்தது எண்டு தொடங்கினாங்க, வாப்பா மௌத்தானதோட அப்படியே நிண்டு போச்சு. அதக் கட்டி முடிக்கத்தான் அவள் போனது. கம்பியில காகம் ஒண்டு ஊஞ்சலாடிக்கொண்டு இருந்துது.

ஜூலை 6, ஞாயிறு

ஒண்டும் தைக்கயில்ல. சோத்துக்கு உப்புப் போட மறந்து, இவர் ஒண்டும் சொல்லாமத் திண்டார். அதுவே ஒரு திட்டு.

உம்மாட்டச் சொன்னன். உம்மாட சட்டம் வேற:
"ரெண்டு பேரும் என்ட வயித்துப் புள்ளைகள். கடையில ரெண்டு பேர் இருந்தா அவனுக்கு என்ன கேடு?"
"ஒரு ஆள்தானாம் உம்மா."
"அப்ப என்ட பேர எழுது."

நஸ்மியாவுக்கு எழுதினன். சுபஹுக்குப் பிறகு வொய்ஸ் வந்துது, மெல்லிசா, ஒளிச்சு நிண்டு பேசிறாள் போல. "ராத்தா, உங்கட பேரில மாத்துங்க. நாள் முழுக்க இருக்கிறது நீங்கதானே. நான் வெள்ளிக்கிழமை மனிசி."

மெய்யா எழுதணும் எண்டா, ஆசை வந்துது. பூவும்மாட பேச்சு என்ட பேச்சு. ஆக்கள் தேடி வாறது என்னட்டத்தான். பச்சைத்தலை ஒராள் கிழமைக்கு மூண்டு தரம் வந்து கதிரையில இருப்பான், மெசின் தமிழில "மதிப்பிற்குரிய வாளி விற்பவரே, நலமா" எண்டு கேப்பான். அவன் கேக்கிறது என்னட்டத்தானே, அவளிட்ட இல்லையே.

சே. என்ன மனம் இது.

ஜூலை 8, செவ்வாய்

அந்த உலகத்துக்காரருக்கு எழுதிக் கேட்டன். கைமாத்த ஏலாதாம். கணக்கு ஆர்ட அடையாள அட்டையில திறந்ததோ அவதான் கடைசி மட்டும். விக்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது, எழுதி வைக்கவும் ஏலாது. இஞ்ச ஒரு கையெழுத்தில வீடே மகள்ட பேருக்குப் போகுது.

திறந்தது நஸ்மியாட அட்டையில.

பச்சைத்தலையிட்டச் சொன்னன். "எதுவும் கூற வேண்டாம். தங்கை முகத்தைக் காட்டட்டும். பிறகு வழமை போலத் தாங்களே இருங்கள். அனைவரும் அவ்வாறே செய்கின்றனர்." நல்ல புத்திதான். இன்னொரு தரம் பிடிச்சா எல்லாம் போகும், திரும்பி வராது. அதையும் அவன்தான் சொன்னான்.

பகலைக்குத் தூங்கி எழும்பி, கண் முழுக்கத் திறக்காமலே கடைக்குள்ள போய்ச் சுத்திப் பாத்தன். முன்னுக்கு விறாந்தை. உள்ள ஹோல். இடப்பக்கம் ரெண்டு அறை. பின்னால குசினி, மூலையில தண்ணிக் குடம், ஜன்னலுக்கு வெளிய வாவி. தூண் எண்ணினன். எட்டு.

ஒண்டரை வருஷமா இதுக்குள்ள இருக்கிறன், கண் தெரியல்ல. இது கடை இல்ல. மதிலோரம் நிக்கிற வீடுதான் இது. அவள் அங்க கட்டி முடிச்சிட்டாள். நான் அவள்ட விறாந்தையில குந்தி வாளி வித்துக்கொண்டு, வீட்டையும் என்ட பேருக்குக் கேட்டிருக்கிறன். ஒரு வீடு ஏற்கனவே வாங்கினவள்.

அழுதன். உம்மா பாத்திட்டா. வெங்காயம் எண்டன். கையில வெங்காயம் இல்ல.

ஜூலை 9, புதன்

காத்துக் கொஞ்சம் அடங்கி, பின்னேரம் ஆத்தங்கரைக்கு உம்மாவோட நடந்தன். தண்ணி வத்தி, சேத்தில கொக்கு நிக்குது. அந்த உலகத்தில எதுக்கு மேல அமத்தினாலும் செய்த ஆள்ட பேர் வரும். கொக்கப் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள விரல் தானா அசைஞ்சுது. சிரிச்சிட்டன். இதச் செய்தவன்ட பேர் கேட்டுத் தெரியத் தேவையில்ல.

நஸ்மியாவுக்கு வொய்ஸ்: "வீடு உன்ட பேரில நிக்கட்டும் புள்ள. வெள்ளிக்கிழமை முகத்தக் காட்டு. கள்ளத்தனமா நான் உன்ட உடம்புக்குள்ள வரமாட்டன்."

மறுமொழி ஒண்டே ஒண்டு: "உடம்பு எங்கட."

ஜூலை 11, வெள்ளி

நாளையோட ஏழு நாள் முடியுது.

நாலரைக்கு விசளம். காட்டிட்டாளாம். இடம் வலம் திருப்பச் சொன்னதாம், கண்ணச் சிமிட்டச் சொன்னதாம், செய்தாளாம். சரியெண்டு வந்துட்டாம்.

அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் உறைச்சுது. கமரா பழுதில்ல. மெசினுக்குக் காட்டின முகத்த எங்களுக்குக் காட்டயில்ல. கேட்டன், கொஞ்சம் காரமாத்தான் கேட்டன். சுணங்கி வந்துது பதில்: "மெசின் அழாது ராத்தா."

உம்மாட்டச் சொல்லயில்ல.

ஜூலை 14, திங்கள்

அவங்கட கடைசி விசளம். நான் எனக்கெண்டு ஒரு கணக்குத் திறக்கலாம். நஸ்மியா என்னக் கடைக்கு உதவியாளா வைக்கலாம். உதவியாள் செய்யக் கூடியது: கடையில நிக்கலாம், கதைக்கலாம், விக்கலாம். செய்யக் கூடாதது: எந்தச் சாமானையும் தொட, நகத்த, திருப்ப.

திறந்தன். என்ட அட்டை, என்ட முகம், கண் சிமிட்டல். உடம்பு ஒண்டு தந்தாங்க. எல்லாருக்கும் குடுக்கிற சும்மா உடம்பு, சாம்பல் சேட்டு, மொட்டைத் தலை. அதோட எங்கட கடப்படியில போய் நிண்டன். பச்சைத்தலை கதிரையில இருந்து "தாங்கள் யார்?" எண்டான்.

ஆரெண்டு சொல்லுறது.

"வாளிக்காரி" எண்டன். எழும்பி நிண்டு குனிஞ்சு வணக்கம் சொன்னான். நல்ல புள்ள.

செருப்பு வெளிய பாத்துக்கொண்டு கிடந்துது. நான் உள்ளதான் நிக்கிறன், ஆனா திருப்ப ஏலாது.

ஜூலை 16, புதன்

ஆமினா மாமிட ரெண்டாவது அபாயா குடுத்தாச்சு. கை ஒண்டு கட்டையாம். அவட கைதான் கட்டை, வாயால சொல்லயில்ல.

மொட்டைத் தலைக்குத் துப்பட்டி ஒண்டு வாங்கினன், கறுப்பு. எனக்கெண்டு ஒரு சோடி செருப்புச் செய்யப் பாத்தன். என்ட பேரில செய்ததத்தான் நான் திருப்பலாமாம். ரெண்டு நாள் பிடிச்சுது. ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். பாக்க மீன் மாதிரிக் கிடக்கு. பரவாயில்ல, செருப்பு எண்டு தெரியுது.

ஜூலை 18, வெள்ளி

காத்து இல்ல. மரம் ஒண்டும் அசையல்ல. உம்மாவ நாலு மணிக்கே குளிக்கச் சொல்லி, உடுக்க வச்சு, கதிரை போட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால இருத்தினன். ஆஸ்பத்திரிக்குப் போறது போல முந்தானைய இழுத்து விட்டுக்கொண்டா.

நான் விறாந்தையில. என்ட செருப்பு வாசல்ல, வீட்டப் பாத்து.

நாலரை. ஒருத்தரும் இல்ல. நாலு நாப்பது. உம்மா "ரெண்டு பேர் வந்தா வெளிய விழுவீங்கள் எண்டியே" எண்டா. இப்ப விழமாட்டம் உம்மா எண்டன். எனக்கே நம்பிக்கை இல்ல.

கடப்படியில பூவும்மா.

பச்சைச் சட்டை, வெள்ளைத் துப்பட்டி. ஒண்டரை வருஷம் நான் போட்டுத் திரிஞ்ச உடம்பு எனக்கு முன்னால வந்து நிக்குது. நான் இல்லாம நடக்குது. குனிஞ்சு அவள்ட செருப்ப வீட்டப் பாக்கத் திருப்பினாள். பக்கத்தில என்டதப் பாத்தாள். கன நேரம் பாத்தாள்.

எழுத்து வந்துது: "ராத்தா, ரெண்டும் இடது கால்."

நான் சிரிச்ச சிரிப்பில உம்மா பயந்து போனா.

பிறகு அவள் என்னக் கடந்து போனாள். சலாம் இல்ல, சுகம் இல்ல. ஹோலுக்கால, நேரா குசினிக்கு. மூலையில குடத்துக்கிட்டப் போய் மூடியத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தால வந்தாலும், ரவுனுக்குப் போய் வந்தாலும் எங்கட நஸ்மியா முதல்ல செய்யிறது அதுதான். குடிக்கிறாளோ இல்லையோ, மூடியத் தூக்கிப் பாக்கணும்.

உம்மா கதிரையில இருந்து எழும்பிட்டா. "அவள்தான். என்ட புள்ளதான் கா." கண்ணாடியக் கழட்டித் துடைச்சு, போட்டு, கிட்டப் போய்ப் பாத்தா. "முகம் மெலிஞ்சு போச்சு. ராப்பகலா வேலை வாங்கிறாங்கள்."

பூவும்மாட முகம் அண்டைக்கு இருந்ததுதான் இண்டைக்கும். உம்மா சொன்னத அப்படியே எழுதி அனுப்பினன்.

அவள் மூடியக் கையில வச்சபடி நிண்டாள். லைன் போச்சோ எண்டு பயந்தன். பிறகு: "உம்மாட்டச் சொல்லுங்க, ஓம் மெலிஞ்சிட்டன். சாப்பிடுறன் எண்டும் சொல்லுங்க."

ரெண்டையும் சொன்னன்.

பின் படியில ரெண்டு பேரும் குந்தினம். முன்னால அவள்ட வாவி, எப்பவும் போல மஃரிபுக்கு முந்தின நேரம். இஞ்ச ஜன்னலுக்கு வெளியயும் அதே வெளிச்சம், எது எதில இருந்து வருது எண்டு தெரியாம அறை முழுக்கப் பரவிக் கிடந்துது. கன கதை கதைக்கயில்ல. கோழிக்கூட்டுக் கதவு சரிவந்துட்டாம். ஆமினா மாமிட கை கட்டை எண்டன். உம்மா குறுக்கால "ஆணத்துக்கு என்ன வச்சவள் எண்டு கேளு" எண்டா. கேட்டன். பருப்பாம். பக்கத்தில இருந்தாள், எனக்கு அது போதும்.

ஆறு மணி. மேடம் கூப்பிடுறாவாம். "போய்ட்டு வாறன் ராத்தா."

கடப்படி மட்டும் கூடப் போனன். அவள் செருப்புக்கிட்ட நிண்டாள். அவள்ட ஒரு சோடி, பக்கத்தில என்ட ரெண்டு இடது கால். அவசரம் இல்லாம நிண்டாள், நான் பாத்துக்கொண்டே இருந்தன். பிறகு ஆள் இல்ல.

செருப்பு வீட்டப் பாத்தபடி கிடக்கு. அவள் மறக்கிற ஆள் இல்ல.

திருப்ப எனக்கு அனுமதி இல்ல. இருந்தாலும் திருப்பமாட்டன்.